பதினோராவது கதையின் முடிவு

“நீங்க வாயைத் திறக்காதீங்க. நான் பேசிக்கிறேன்.”

கணினிக் கடையின் படியேறும்போதே மனைவி இட்ட ஆணை அது. கழுத்துப் பொத்தான்வரை இறுக மாட்டிய சட்டையோடு பின்னால் வந்த கணவர், தோளில் தொங்கிய பயணப்பையை இறக்கி வைத்துவிட்டுத் தலையசைத்தார். கண்ணாடி மேசைக்கு அப்பால் நின்ற கடைக்காரர் மீசைக்குள் நகைத்துக்கொண்டார்.

“லேப்டாப்புக்கு வெளியே மாட்டுற சிடி ரைட்டர் ஒண்ணு வேணும்ணே. சீக்கிரம். அஞ்சரைக்கு நாங்க ஒரு இடத்துல இருந்தாகணும்.”

சுவர்க் கடிகாரம் மூன்று பத்தைக் காட்டியது.

“பென்டிரைவ்ல போட்டா ரெண்டு நிமிஷ வேலைம்மா. இந்தக் காலத்துல யாரு சிடி எழுதுறா?”

“எங்க பொண்ணோட பிளேயர்ல சிடி மட்டும்தான் போகும். நாலு வயசு. அவ அப்பா கதை சொல்லாம தூங்க மாட்டா. பதினொரு கதை பதிஞ்சு வச்சிருக்கார், கடைசிக் கதைக்கு மட்டும் முடிவு பாக்கி. இன்னைக்கு ராத்திரி அவ பெரியம்மா வீட்ல படுத்துக்கிறா. போற வழியில சிடியை அங்க கொடுத்துடணும்.”

கடைக்காரர் இரண்டு கருவிகளை எடுத்து வைத்தார். ஒன்று சிறு குறிப்பேடுபோல் மெலிந்தது. மற்றது செங்கல்லின் கனமும் தனக்கென ஒரு மின்கம்பியும் உடையது.

“சார், உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

கணவரின் இதழ்கள் அசைந்தன.

“பேசாதீங்கன்னு சொன்னேன்ல?” என்று சீறினாள் அவள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, “நடுவுல நிக்காம எழுதுறது எதுவோ, அதைக் கொடுங்கண்ணே” என்றாள்.

“அடேயப்பா! சார் வீட்லயாவது பேசலாமா, இல்ல அங்கேயும் உங்ககிட்ட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணுமா?”

கணவர் ஓசையின்றிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மெலிந்த கருவியே போதுமென்று கடைக்காரர் அதை, அவள் பையிலிருந்து எடுத்த மடிக்கணினியில் மாட்டி, ஒரு சிடி வட்டில் கதைகளை எழுதவிட்டார். திரையில் நீலக்கோடு எறும்பென ஊர்ந்தது. எழுபது விழுக்காட்டைத் தொட்டதும் கருவியின் விளக்கு இருமுறை சிமிட்டி அணைந்தது. கோடு அங்கேயே உறைந்தது.

அவள் முகம் வெளிறியது. “கதையெல்லாம் போயிடுச்சா?”

“பதறாதீங்க, கதை லேப்டாப்புல பத்திரமா இருக்கு. உங்க மெஷின் கொடுக்கிற கரண்ட் இதுக்குப் பத்தலை, அவ்வளவுதான். சிடி மட்டும்தான் வீண். அப்படியே போனாலும் என்ன, சார் மறுபடி சொல்லிட்டுப் போறார்!”

“மறுபடி சொல்ல முடியாதுண்ணே.”

“ஏன், ஊருக்குப் போறவர் திரும்பி வர மாட்டாரா?”

“வருவார்.”

“அப்புறம் என்னம்மா? வர்ற வரைக்கும் தினமும் போன்ல கதை சொல்றது!”

அவள் விழிகள் கடிகாரத்தின்மேல் நிலைத்திருந்தன. மணி மூன்று நாற்பது.

கனத்த கருவியின் மின்கம்பியைச் சுவரில் செருகினார் கடைக்காரர். “இதையே முதல்ல கொடுத்திருக்கணும். மெதுவாவே எழுதுவோம், வேகமா எழுதினா பழைய பிளேயர் முரண்டு பிடிக்கும்.”

அந்தக் கடைக்கென ஒரு வழக்கம் இருந்தது. எழுதி முடித்ததாகக் கணினி சொல்வதை அவர் நம்புவதில்லை. வாங்குபவரின் குரலை ஒரு வட்டில் எழுதி, மூலையிலிருந்த பழைய பிளேயரில் அதை ஒலிக்கச் செய்து, தம் காதால் கேட்ட பின்னரே கருவியை விற்பார். ஒலிவாங்கியைக் கணவரின் முகத்தருகே நீட்டினார்.

“சார், சும்மா ஒரு வார்த்தை. உங்க பேரைச் சொன்னாக்கூடப் போதும்.”

கணவர் வாய் திறக்குமுன் அவள் பாய்ந்து அதைப் பறித்தாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு. போதுமாண்ணே?”

கடைக்காரரின் சிரிப்பு வற்றியது. வட்டை எழுதிப் பிளேயரில் இட்டார். கணநேர அமைதி. பின்னர், “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று அவள் குரல் தெளிவாக எழுந்தது.

அப்போதுதான் அவள் முழு மூச்சு விட்டாள். மணி நான்கு.

“இது போதும்ணே. இனி வீட்டுக்குப் போய் முடிவைப் பதிய நேரமில்லை. இங்கேயே பதிஞ்சு எழுதிக்கலாமா?”

“தாராளமா. ஆனா அதையும் நீங்களே சொல்லிடாதீங்க.” கடைக்காரர் பொறுமை இழந்திருந்தார். “கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க தங்கச்சி. வந்ததிலேருந்து இந்த மனுஷனை ஒரு வார்த்தை பேச விட்டீங்களா? அவரும் வாய் இருக்கிற ஆளுதானே?”

கணவர் கையுயர்த்தி அவரைத் தடுத்தார். மனைவியோ சினக்கவில்லை. பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து வெந்நீரை மூடியில் ஊற்றிக் கணவரிடம் தந்தாள். அவர் மிடறு மிடறாக விழுங்கி முடிக்கும்வரை இமை கொட்டாது பார்த்திருந்தாள். ஒலிவாங்கியை அவர் இதழருகே நிறுத்தினாள்.

“தெருச் சத்தம் கேக்காம அந்தக் கதவைச் சாத்துங்கண்ணே. நாளைக்குக் காலையில ஆபரேஷன். இவர் குரல்வளையையே எடுத்துடப் போறாங்க. அதுவரைக்கும் மொத்தமே பத்து நிமிஷத்துக்கு மேல பேசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

கடைக்காரர் போய்க் கதவைச் சாத்தினார். அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“இப்ப பேசுங்க.”