கேலனுக்கு நாற்பது மைல்

பெட்ரோலை ஆவியாக்கும் கார்புரேட்டர் ஒன்றைத் தானே செய்து நல்லதம்பி தன் வாடகைக் காரில் மாட்டியபோது அரிமளம் ஊரே சிரித்தது. கேலனுக்கு இருபது மைல் ஓடிய வண்டி நாற்பது ஓடியதும் ஊர் வாயடைத்துப்போனது.

"அவுக கைராசி அப்படி," என்பாள் மனைவி செவந்தி.

சித்திரையில் செவந்தி அம்மை கண்டு இறந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து காரை எடுத்தான். மறுபடியும் இருபது மைல்தான். நாலு தடவை கழற்றிப் பூட்டியும் பழுது பிடிபடவில்லை.

"அவ போனதும் இதுவும் போச்சுண்ணே," என்றான் பெட்ரோல் பங்கு மூக்கனிடம்.

மூக்கன் தலை நிமிரவில்லை.

"சொல்லக் கூடாதுன்னு செவந்தி சத்தியம் வாங்கிருச்சு தம்பி. மோர் வித்த காசுல வாரந்தவறாம இங்கிட்டு வந்து பெட்ரோல் வாங்கிட்டுப் போகும். நீ தூங்குறப்ப டேங்குல ஊத்திருமாம். ஊரு சிரிச்சா நீ தாங்க மாட்டியாம்."