விளம்பரம் வராத டிவி

கீழ்வீட்டு அக்பர் பாஷா, ஓடிடி தொடரின் நடுவே வரும் தக்காளி சாஸ் விளம்பரத்தைத் திட்டித் தீர்ப்பதைக் கேட்டுக் கேட்டு, மாடியில் புதிதாகக் குடிவந்த மதுமதிக்கு அலுத்துவிட்டது.

"மொட்டமாடி தொட்டியில தக்காளி காச்சுக் கொட்டுது. இவன் பாட்டிலை நக்கிகினு கீறான், தறுதலை!"

பொறுக்கமாட்டாமல், தன் செலவிலேயே விளம்பரம் வராத திட்டத்துக்கு அவர் டிவியை மாற்றிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் அவர் மனைவி ஜைதூன் பீ மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"பழசையே வெச்சுக் குடும்மா. மனுசன் சோறே துன்னல."

"என்னக்கா, விளம்பரம்னாலே எரிஞ்சு விழுவாரே?"

"விளம்பரத்த எங்க திட்டினாரு? அதுல நடிக்கிறவனத் திட்டினாரு. சினிமாவுல சேரணும்னு சண்ட போட்டுகினு போன எங்க புள்ள ரெஹான்தாம்மா அது. திட்டு வாங்கவாவது தெனம் பத்து வாட்டி வூட்டுக்கு வந்துகினு இருந்தான்."