மால்ட் வாசனை

பின்மூடி கழன்ற டிவி, இபாதான் நகரத்து ஒற்றை அறை வீட்டின் மெத்தைமேல் குப்புறக் கிடக்கிறது. லாடிப்போ அதன் பவர் போர்டின்மேல் குனிந்திருக்கிறான். பக்கத்து அறை ரஷீதி பின்னால் நின்று செல்போன் விளக்கைப் பிடிக்கிறான். கரண்ட் போகும்போதெல்லாம் தன் ஜெனரேட்டரிலிருந்து சும்மாவே ஒயர் இழுத்துக் கொடுப்பவன். அவனைத்தான் காலையில் கிணற்றடியில், குடித்தனக்காரர்கள் எல்லார் முன்னாலும், "உன் ஓட்டை ஜெனரேட்டர்தான்டா என் டிவியக் கொன்னுடுச்சு!" என்று லாடிப்போ கிழித்துப்போட்டான். இப்போது போர்டின் ஓரமாகப் பழுப்புக் கோடு ஒன்று பிசுபிசுக்கிறது. எறும்புகள் ஒட்டிச் செத்திருக்கின்றன. முகர்ந்து பார்க்கிறான். மால்ட், அவன் குடிக்கும் இனிப்புப் பானம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கோல் விழுந்ததும் லாடிப்போ துள்ளிக் குதித்தானே, அப்போது அவன் கையிலிருந்த மால்ட் பாட்டில்தான் டிவியின் முதுகில் கவிழ்ந்தது. மேலாகத் துடைத்துவிட்டு மறந்தும் போனான். "கருகிடுச்சா அண்ணே? என் ஜெனரேட்டராலதானே?" ரஷீதி தாழ்ந்த குரலில் கேட்கிறான். "வேற போர்டு நான் வாங்கித் தர்றேன். அந்தச் சனியன வித்துடுன்னு என் பொண்டாட்டியும் சொல்றா." முற்றத்தில் யாரோ மிளகாய் அரைக்கிறார்கள். லாடிப்போவுக்குக் காதுமடல் சுடுகிறது. "தெரியலையா அண்ணே? லைட்டக் கிட்ட கொண்டு வரவா?" "வேணாம்" என்று இன்னும் தாழக் குனிகிறான். அவன் தலையின் நிழல் அந்தப் பழுப்புக் கோட்டை மூடிக்கொள்கிறது.