வலது கண்

இராஜபாளையத்தில் நூல் மில்லுக்குப் போகும் காளீஸ்வரிக்குப் பல வருடமாக ஒற்றைத் தலைவலி. வந்தால் வலது கண்ணில் நீர் கொட்டும். வெளிச்சமே ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சிக்காக அவளுக்கு மாதம் ஒரு ஊசி போட்டார்கள். உடம்பில் ஊறி வலியைக் கிளப்பும் பெப்டைடு என்ற புரதத் துணுக்கை அது அடக்கும் என்றார் டாக்டர். முதல் ஊசியிலேயே வலி நின்றது.

அன்று சாயங்காலம் வத்திராயிருப்பிலிருந்து தங்கை சிவரஞ்சனி போன் செய்தாள்.

"அக்கா, வலது கண்ண யாரோ பிடுங்குற மாதிரி இருக்கு. வெளிச்சத்தப் பாக்க முடியல."

மாதக் கடைசியில் காளீஸ்வரிக்கு லேசாக வலி திரும்பியது. தங்கைக்குச் சரியாகிவிட்டது. இரண்டாவது ஊசி போட்ட அன்றே தங்கை மறுபடி இருட்டறையில் படுத்தாள்.

மூன்றாவது ஊசிக்குத் தங்கையும் கூட வந்தாள்.

"போடாதக்கா. கைப்பிள்ளையத் தூக்க முடியல."

காளீஸ்வரி உள்ளே போனாள்.

"ஊசிக்கு அப்புறம் ஏதாவது தொந்தரவு இருந்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல சார்" என்று கையை நீட்டினாள்.

வெளியே வந்தபோது தங்கை கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் கிடந்து கதறினாள்.

"ஏட்டி, கத்தாத. நான் இம்புட்டு வருசம் தாங்கலையா?" என்றாள் காளீஸ்வரி.

அவளைத் தூக்கி நிறுத்தி, உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடத்திக்கொண்டு போனாள்.