சல்யூட் வாங்கிய விளக்கு

ஒரு நாடக மேடைக்கு மேலே வெள்ளை விளக்கும் நீல விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ராணியின் முகத்துக்கு வெளிச்சம் தருவது வெள்ளையின் வேலை. இரவுக் காட்சிகளில் நிலவாக எரிவது நீலத்தின் வேலை.

"நான் இல்லாவிட்டால் அவள் முகமே தெரியாது. கைதட்டல் மட்டும் அவளுக்கு" என்று புழுங்கியது வெள்ளை.

"முகம் தெரிவதால்தானே தட்டுகிறார்கள்" என்றது நீலம்.

வெள்ளைக்கு மனசு ஆறவில்லை. அன்று அரசவைக் காட்சியின் நடுவில் கழுத்தைப் பார்வையாளர்கள் பக்கம் திருப்பிக்கொண்டது. இருட்டில் ராணி வசனத்தை நிறுத்திவிட்டாள். கண் கூசிய ஜனங்கள் நெற்றியில் கைவைத்தார்கள்.

"பார்த்தாயா, எனக்கு சல்யூட் அடிக்கிறார்கள்" என்றது வெள்ளை.

நீலத்துக்கு ராணியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் முறை வராமலே மெல்ல எரிந்தது. அரசவைக்குள் நிலா காய்ந்தது. ராணி விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

நாடகம் முடிந்ததும் ஒருவர் ஸ்பேனரோடு ஏணியில் ஏறினார்.

"மாலை போட வருகிறார்" என்றது வெள்ளை.