துளை போட்ட டிஸ்க்

பிரேக் பிடிக்காமல்தான் தன் கார் ஒரு பெண்மேல் ஏறிவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்துத் தப்பிய தணிகாசலம், இப்போது துளை போட்ட புது பிரேக் டிஸ்க் மாட்ட வந்திருந்தார். செத்தவள் தன் தங்கை என்று மெக்கானிக் அம்புரோஸ் சொல்லவில்லை. கழற்றிய பழைய டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. சக்கர அச்சில் சுற்றியிருந்த நீளமான முடியைப் பிரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வேலை முடிந்தது. தணிகாசலம் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க மண்டியிட்டார். அம்புரோஸ் உள்ளே ஏறி எஞ்சினைக் கிளப்பினான்.

"நல்லா உள்ள தள்ளி வைங்க சார்."

அவர் தலையைக் குனிந்து கையை நீட்டினார். "புது பிரேக் பிடிக்கும்ல?"

"பழசும் மிதிச்சிருந்தா பிடிச்சிருக்கும் சார்" என்றபடி அம்புரோஸ் கியரைப் போட்டான்.