எட்டு நாள் முதலாளி

"ஆண்டோர், இங்க வந்து பாரு! உன் லாயோஷ் நம்ம பீப்பாயைத் தூக்கிட்டுப் போறான்!"

இரண்டாம் மாடி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டா கத்தினாள். கீழே முற்றத்தில் லாயோஷும் இன்னொரு ஆளும் நிலவறைப் படி வழியாக ஒரு பீப்பாயை மேலே ஏற்றி, உருட்டிக்கொண்டு போனார்கள். எங்கே? தெருப்பக்கம் இருக்கும் லாயோஷின் பன்றிக்கறிக் கடைக்கு!

புடாபெஸ்ட்டில் அந்தப் பழைய கட்டடத்தின் நிலவறையில்தான் கிட்டாவும் அவள் கணவன் ஆண்டோரும் பீர் காய்ச்சுகிறார்கள். கோஷர் பீர். யூத முறைப்படி மதகுரு ரபி வந்து பார்த்து முத்திரை கொடுத்த சரக்கு.

பஸ்கா பண்டிகை வந்தால் மட்டும் ஒரு சிக்கல். அந்த எட்டு நாளும் பார்லியைப் புளிக்கவைத்துச் செய்த எதுவும் யூதருக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது. அதனால் ஆலையை, உள்ளே இருக்கும் பீரோடு, யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிட்டுப் பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ரபி முன்னால் கைகுலுக்கிச் சாவியையும் கொடுத்துவிடுவார்கள்.

சில வருஷமாக வாங்குபவர் லாயோஷ். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவாரே தவிர, நிலவறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் திறந்துவிட்டார்.

ஆண்டோர் புளிக்காத அப்பத்தைக் கடித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். "அதான் வித்தாச்சே. இப்ப அவர் பீர்."

"வித்தாச்சாம்! சடங்குக்கு வித்தா நிஜமாவே வித்ததா ஆயிடுமா?"

"மெதுவாப் பேசு. ரபி சொன்னது மறந்துபோச்சா? நடுவுல நாம போய் 'என்னுது'ன்னு உரிமை கொண்டாடினா, வித்ததே நாடகம்னு ஆயிடும். அப்புறம் அந்த பீரை நம்ம ஜனங்க தொட மாட்டாங்க. மொத்தத்தையும் சாக்கடையிலதான் ஊத்தணும்."

"அவன் குடிச்சுத் தீர்த்தா மட்டும் மிச்சம் இருக்குமா? கோடை முழுக்க விக்க வேண்டிய சரக்கு அது. போச்சுன்னா கடையைச் சாத்திட்டு நீயும் நானும் தெருவுல நிக்க வேண்டியதுதான்!"

ஆண்டோர் தடுப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

கறிக்கடை வாசலில் ஒரே கூட்டம். மேஜை போட்டு, புகை போட்ட பன்றித் தொடைகளை மலையாகக் குவித்து அரை விலைக்குக் கூவிக்கொண்டிருந்தாள் லாயோஷின் மனைவி இல்கா. ஈஸ்டருக்கு இன்னும் இரண்டே நாள். அந்தச் சமயத்தில் விலையைக் கூட்டுவார்களே ஒழிய, எந்தக் கறிக்கடைக்காரன் குறைப்பான்?

"என்ன இல்கா, கறி வாங்கினா எங்க பீர் ஓசியா?" என்றாள் கிட்டா, கூட்டத்துக்கே கேட்கும்படி.

இல்கா முறைத்தாள். "உள்ள இருக்கு அந்த மனுஷன். அங்க போய்க் கேளு. என் வயித்தெரிச்சலைக் கிளப்பாத."

இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் கிட்டா அந்தக் கடை வாசலை மிதித்ததில்லை. அன்று மிதித்தாள்.

"யோவ் லாயோஷ்!"

எப்போதும் 'அண்ணே' என்று கூப்பிடுபவள்.

"வெக்கமா இல்ல உனக்கு? நம்பிச் சாவியைக் கொடுத்தா திருடித் தின்னுவியா? ரபி முத்திரை போட்ட பீப்பாயைக் கொண்டாந்து பன்னிக்கறிக்கு நடுவுல வெச்சிருக்க! மரியாதையா எடு வெளிய. அது என்…"

"வாயை மூடு!"

லாயோஷ் போட்ட சத்தத்தில் வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குளிர் அறைக் கதவை இழுத்துத் திறந்தார்.

உள்ளே ஒரு துண்டு கறி இல்லை. கொக்கிகள் காலியாகத் தொங்கின. தேய்த்துக் கழுவிய தரையில் ஈரம் காயவில்லை. சுவரோரம் முழுக்கப் பீப்பாய்கள்.

"தரைக்கு அடியில நிலவறை மெஷின் உறுமிக்கிட்டே இருக்கும். நேத்து சத்தத்தைக் காணோம். திறந்து பாத்தா கூலிங் செத்துக் கிடக்கு, உள்ள வெந்துபோற மாதிரி சூடு. ரிப்பேர்காரன் ஈஸ்டர் முடிஞ்சுதான் வருவானாம். என் சரக்கைத் தெருவுக்குத் தள்ளாம இதை எங்க வைக்கிறது? உன் தலையிலயா?"

கிட்டா காலிக் கொக்கிகளைப் பார்த்தாள். ஈஸ்டர் வியாபாரத்தில்தான் அவர் வீட்டில் பாதி வருஷம் அடுப்பு எரியும் என்று அவளுக்குத் தெரியும்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே…"

"எதுக்கு? அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவ. அதை அங்க வை, இதை இங்க வைன்னு அதிகாரம் பண்ணுவ. அத்தோட எல்லாம் சாக்கடைக்குப் போகும். ரபி வருஷா வருஷம் தலைதலையா அடிச்சுக்கறார். நான்தான் காது கொடுத்துக் கேக்கறேன். நீங்க ரெண்டு பேரும் அப்ப கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க!"

வெளியே இல்கா இன்னும் அரை விலை கூவிக்கொண்டிருந்தாள். கிட்டாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. கண்ணும் கலங்கிவிட்டது.

"அண்ணே, தப்பா நினைச்சுட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே…"

"நன்றியா?" லாயோஷ் முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "என் பீரை நான் காப்பாத்தறேன். அதுக்கு நன்றி சொல்ல நீ யாரு? கிளம்பு வெளிய!"